ஆள் இருக்கிற வீடு

இருந்த வீட்டை விற்றுவிட்டு அப்புறம் வீடு தேடலாம் என்கிற அபாரமான யோசனை அவள் கணவனுடையதுதான். மனிதர் ஏசி மெக்கானிக். ஏணியும் கருவிப்பையுமாகப் பெரிய மனிதர்களின் வரவேற்பறைக்குள் புகுந்து, மேலே நின்று திருகாணியைக் கழற்றியபடி, அவர்கள் போனில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஏணி மேல் நிற்கிறவனுக்கும் காது உண்டு என்பது அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அப்படிக் கேட்டுக் கேட்டே வீட்டுச் சந்தையைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

“இங்க பாரு, விலை இப்ப உச்சாணிக் கொம்புல நிக்குது. இப்பவே வித்துடணும். அப்புறம் தடால்னு விழும். விழுந்ததும் இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிடலாம்.”

“நடுவுல எங்கங்க இருக்கிறது?”

“நடுவுலன்னா என்ன, ரெண்டு மூணு மாசம். எங்கயாவது வாடகைக்கு.”

அவளும் தலையை ஆட்டினாள். அதை மறைப்பானேன், அவளுக்கும் ஆசைதான். இரண்டு பேர் நின்றால் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கிற சமையலறையில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவள். அகலமான சமையலறை ஒன்று அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. விற்றார்கள். விலையோ விழுவதாகக் காணோம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த மாதத்திலேயே பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தது.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் சுவர் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் மூவரும் படுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி, பெட்டிகளின் மேல் ஏறி விளையாடினாள். “நம்ம வீட்டுக்கு எப்ப போறோம்?” என்று தினமும் கேட்பாள். “வர்ற மாசம்” என்று தினமும் பதில் சொன்னார்கள்.

வீடு பார்க்கப் போவது வாரக் கடைசி வேலையாகிப் போனது. ஒரு வீட்டில் அவள் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தரகருக்கு அழைப்பு வந்தது. குழாயை மூடுவதற்குள் அது வேறு யாருடைய குழாயாகவோ மாறிவிட்டது. இன்னொரு வீட்டில் லிப்டில் ஏறும்போது ஒரு விலை, இறங்கும்போது ஒரு விலை. விலை ஏறும் என்று பேச்சு வந்தால் விற்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இறங்கும் என்று பேச்சு வந்தால் மெக்கானிக் கதவைச் சாத்திக்கொண்டார். “கொஞ்சம் பொறு, இன்னும் இறங்கும்” என்பார். அவர் பொறுத்த வாரத்தில் அது ஏறிவிடும்.

இந்த அலைச்சலில்தான் சாவிக்கொத்து வந்து வாய்த்தான். இடுப்பு வளையத்தில் ஒரு தெருவுக்கே உண்டான சாவிகளைக் கோத்துக்கொண்டு திரிகிற தரகன். அவன் வருவது முதலில் காதுக்குத் தெரியும், அப்புறம்தான் கண்ணுக்கு. அவர்கள் நாலைந்து வீடு பார்த்து ஒன்றுக்கும் பிடி கொடுக்காமல் வந்த ஒரு மத்தியானம், அவன் காரின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னான்.

“சார், மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. என் கையில புது வீடுங்க ஏகப்பட்டது காலியா கிடக்கு. இப்ப இருக்கிற நிலைமையில காலி வீட்டைக் காட்டினா எவனும் வாங்க மாட்டேங்கிறான். ஏன் காலியா இருக்கு, என்ன கோளாறுன்னு முதல் கேள்வியே அதுதான். அதுவே ஆள் இருக்கிற வீடுன்னா, அட, இதை விட்டுட்டுப் போறாங்களேன்னு ஒரு பதற்றம் வரும். நீங்க சும்மா இருந்தா போதும். வாடகை கிடையாது. வித்ததும் அடுத்த வீட்டுக்கு மாத்திடுவேன். உங்க வீடு அமையற வரைக்கும்.”

“நடிக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

“ஐயையோ. இருக்கச் சொல்றேன், மேடம்.”

மெக்கானிக்கின் கண்ணில் வெளிச்சம் வந்தது. வாடகை இல்லாமல் காத்திருக்கலாம் என்றால் அவர் ஆயுசு முழுக்கக் காத்திருப்பார். அந்த வாரமே அட்டைப்பெட்டிகளைத் தரகனின் கிடங்கில் போட்டுவிட்டு, மாற்றுத் துணியோடு முதல் வீட்டுக்குக் குடிபோனார்கள். அன்றிலிருந்து சாவிக்கொத்துக்கு அவள் மேடம் இல்லை, அக்கா.

சொந்தச் சாமான் எதுவும் கூடாது என்பது அவன் விதி. அதற்குப் பதிலாக அவனே ஒரு பெரிய நீலப் பெட்டி கொண்டுவந்தான். அவள் அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு குடும்பம் மொத்தமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தேய்ந்த செருப்புகள் மூன்று ஜோடி. ஊசியிலேயே நிற்கும் பாதி பின்னிய கம்பளித் துண்டு. பவர் இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடி. நார் நாராக வளைந்துபோன பல் பிரஷ்கள் மூன்று, ஒன்று சின்னது. வெள்ளைச் சாயம் அடித்த ஒடுக்கமான ஒரு மரப்பலகை; அதில் ஒரு குழந்தையின் உயரத்தை அவ்வப்போது பென்சிலால் கோடு போட்டுக் குறித்திருந்தார்கள். அதைக் கதவு நிலையில் திருகி மாட்டவேண்டுமாம். அப்புறம் சட்டமிட்ட ஒரு புகைப்படம். கடற்கரையில் ஓர் ஆண், ஒரு பெண், நடுவில் ஒரு சிறுமி, மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்கிறார்கள்.

“முகம் தெரியற படம் கூடாதுக்கா. முதுகுன்னா யாரு வேணும்னாலும் நீங்கதான்.”

“இதெல்லாம் யாருது?”

“உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுது.”

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

அவன் இடுப்பில் ஏதோ ஒரு சாவியைத் தேடினான். “வீட்டுலதான் இருக்காங்க” என்றான்.

மணி அடித்தால் என்ன செய்யவேண்டும் என்பதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மெக்கானிக் ஜன்னலோரம் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்க வேண்டும். குட்டி தரையில் கவிழ்ந்து படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டவேண்டும். அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வரவேண்டும். வந்தவர்களிடம் எதையும் விற்கக் கூடாது. இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லாதவர்களாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், அலமாரியைத் திறந்தார்கள், போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தப்பு எங்கே என்று சாவிக்கொத்துக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுக்கு ஏற்ப பல் வரிசை கட்டுவாள். வரிசை ரொம்ப ஒழுங்காக இருந்தால் பார்த்தவுடனே பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பல்லைக் கொஞ்சம் சாய்க்கவேண்டும், கடைவாய்ப் பக்கம் டீக்கறை மாதிரி ஒரு மங்கல் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அது வாய் ஆகும். இந்த வீடும் அப்படி எல்லாப் பல்லும் ஒழுங்காக இருந்த வீடு. அவள் துண்டைக் கோணலாகப் போட்டாள். ஓர் ஆப்பிளைக் கடித்துப் பாதியை மேசையில் வைத்தாள். கணவனிடம், “ஒரு செருப்பைக் கவுத்துப் போடுங்க” என்றாள். குட்டியிடம், “யாராவது வந்தா உடனே நிமிர்ந்து பார்க்காதே, கொஞ்சம் லேட்டா பாரு” என்றாள்.

அடுத்து வந்த தம்பதி வாசலிலேயே பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெண் பால்கனியில் நின்று, “இதை விட்டுட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வருது?” என்று கேட்டாள். குட்டியின் அம்மாவுக்குத் தான் விற்ற பழைய வீட்டின் இடுக்குச் சமையலறை ஞாபகம் வந்து, கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டிவிட்டது. அது அசல் அழுகை. குட்டி ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த வீடு அன்றைக்கே விலைபோனது.

“அக்கா, அந்த அழுகை இருக்கே!” என்று சாவிக்கொத்து இரண்டு கையாலும் கும்பிட்டான். “அதை மட்டும் விட்டுடாதீங்க.”

அவளும் விடவில்லை. இரண்டாவது வீட்டில் வரவழைத்து அழுதாள். மூன்றாவது வீட்டில் வரவழைக்க வேண்டியிருக்கவில்லை, மணி அடித்தாலே கண் நிறைந்தது. குட்டி எங்கேயிருந்தாலும் சரியான நேரத்துக்கு ஓடிவந்து கட்டிக்கொள்வாள். ஆட்கள் போனதும் இருவரும் முகத்தைக் கழுவிக்கொண்டு சிரிப்பார்கள். “இன்னைக்கு நல்லா வந்துச்சும்மா” என்று குட்டி தட்டிக்கொடுப்பாள். மெக்கானிக்கும் தன் பங்குக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டார். சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, கொஞ்ச காலத்துக்கு.

விற்ற வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. வேலை விட்டு வரும்போது ஒருநாள் முதல் வீட்டின் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல்கள் மூடியிருந்தன. திரைச்சீலைகூட இவர்கள் விட்டுவந்த அதே திரைச்சீலை. சாயங்காலம் இருட்டத் தொடங்கியபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. உடனே இரண்டாம் மாடியிலும் எரிந்தது, எதிர்க் கட்டடத்திலும் எரிந்தது, எல்லாம் ஒரே நொடியில். விளக்கை யாரும் போடவில்லை, அது தானாகப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. வாங்கினவர்கள் விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்திருக்கிறார்கள். தெரு முழுவதும் விளக்கு, ஒரு வீட்டிலும் பாத்திரச் சத்தம் இல்லை. அவள் பேருந்து நிறுத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஓடினாள்.

நான்காவது வீட்டில் பச்சைப் பைக்காரி வந்தாள். அளவு நாடாவோடு ஒரு கணவன், தோளில் பச்சைத் தோல் பையோடு ஒரு மனைவி. இவர்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு நெருடியது. இவர்களோடு இன்னொரு குடும்பமும் வீடு பார்க்க வந்திருந்தது. அளவு நாடாக்காரர், “இந்தச் சுவர்ல நம்ம அலமாரி சரியா உக்காரும்” என்று உரக்கச் சொல்ல, அந்தக் குடும்பம் பதறிப்போய்ச் சாவிக்கொத்தைத் தனியே அழைத்துப் பேசியது. பச்சைப் பைக்காரி தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தாள்.

“நல்லா பண்றீங்க” என்றாள் மெல்லிய குரலில்.

“என்னது?”

“முதல் வீட்டுல பாதி ஆப்பிள் வச்சிருந்தீங்களே. நானே நம்பிட்டேன். தெரிஞ்சும் நம்பிட்டேன்.” தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “எங்களையும் அதே ஆளுதான் கூட்டிட்டு வர்றான். நாங்க வாங்குற ஆளுங்க. ஒருத்தர் கண்ணு வச்சாதானே இன்னொருத்தருக்கு வேகம் வரும். எங்க வீட்டையும் வித்துட்டுதான் நிக்கிறோம், விலை இறங்கட்டும்னு.”

“எத்தனை நாளா?”

“எங்க பையன் அப்ப பேசக்கூட ஆரம்பிக்கல.” அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கடற்கரைப் படத்தில் அவள் கண் நின்றது. “இன்னும் இதையேதான் மாட்டுறானா?” என்றாள். மேற்கொண்டு கேட்பதற்குள் அளவு நாடாக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

அன்றைக்குப் பின் அந்தப் படத்தைச் சுவரில் விட்டுவைக்க அவளுக்கு மனசில்லை. கழற்றி அலமாரிக்குள் வைக்கப் போனாள். குட்டி குறுக்கே வந்து நின்றாள்.

“ஏம்மா எடுக்கறே? நாம கடலுக்குப் போனோமே, அது.”

“நாம எங்கடி கடலுக்குப் போனோம்?”

“போனோமே. என் கால்ல கிளிஞ்சல் குத்துச்சு. அப்பா தூக்கிக்கிட்டாரு. நீ காத்துக்கு முடியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தே.”

குட்டி இன்றுவரை கடலைப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். படத்தில் அந்தப் பெண்ணின் வலது கை தலைமுடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. முடியை அப்படிப் பிடித்ததில் கை கடுத்தது அவளுக்கும் ஞாபகம் வந்தது. உப்புக் காற்றில் உதடு வறண்டதுகூட ஞாபகம் வந்தது. அவள் படத்தை மாட்டின இடத்திலேயே விட்டுவிட்டாள். கணவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

ஐந்தாவது வீட்டில்தான் குட்டி சாப்பாட்டைக் குறைத்தது தெரியவந்தது. பள்ளிக்கூட ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, மதியச் சாப்பாட்டைக் குழந்தை அப்படியே கொட்டுகிறது என்றார். வீட்டிலும் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு அணில் மாதிரி கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அம்மா மிரட்டினாள், கெஞ்சினாள், முட்டையைப் பொரித்து எதிரில் உட்கார்ந்து ஊட்டினாள். வாயைத் திறந்தால்தானே. மறுநாள் காலை குளியலறையிலிருந்து வந்தபோது, குட்டி கதவு நிலையில் மாட்டிய மரப்பலகையில் முதுகை ஒட்டி, தலைமேல் உள்ளங்கையை வைத்து அளந்துகொண்டிருந்தாள். பலகையின் கடைசிக் கோடு அவள் கையை ஒட்டினாற்போல் மேலே இருந்தது.

“என்னடி பண்றே?”

“இன்னும் கொஞ்சம்தாம்மா இருக்கு.”

“எதுக்கு?”

“அந்தக் கோட்டுக்கு மேல கோடே இல்ல பாரு. அந்தப் பொண்ணு அவ்ளோதான் வளர்ந்திருக்கா. அதுக்கு மேல வளர்ந்தா படத்துல இருக்கிற மாதிரி இருக்க மாட்டேன்ல. அப்புறம் நம்மளை மாத்திட்டு வேற ஆளுங்களை வச்சுடுவாங்க.” குட்டி அதை ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். “நான் வளராம பார்த்துக்கறேன். நீ கவலைப்படாதே.”

அவள் குட்டியைப் பலகையிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் வயிற்றில் பிறந்தது, இருக்க இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றைக் காயப்போட்டு வளர்ச்சியை நிறுத்தப் பார்க்கிறது. இதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். சாயங்காலம் கணவன் கருவிப்பையைக் கீழே வைப்பதற்குள் பிடித்துக்கொண்டாள்.

“வீடு வாங்கணும். இந்த வாரமே.”

“பைத்தியமா உனக்கு? இப்பதான் விழ ஆரம்பிச்சிருக்கு. நேத்துகூட ஒரு பெரிய இடத்துல கேட்டேன், இன்னும் பாதாளத்துக்குப் போகுமாம். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு...”

“நீங்க பொறுத்தீங்க. உங்க பொண்ணு தேஞ்சுக்கிட்டு வர்றா, கண்ணைத் திறந்து பாருங்க.”

அவர் குட்டியைப் பார்த்தார். குட்டி, ஆள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, தரையில் கவிழ்ந்து வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்து அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஏணியிலிருந்து விழுந்தவர்போலத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப்பின் விலை என்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

வேறு வீடு தேடி அலைய அவளுக்குப் பொறுமை இல்லை. இருக்கிற வீட்டையே கேட்டாள். சமையலறையில் மூன்று பேர் நிற்கலாம், வெயில் வருகிறது, பள்ளிக்கூடம் பக்கம். இத்தனை நாளில் சாவிக்கொத்தின் முகத்தில் ஒரு திகைப்பை அவள் அப்போதுதான் கண்டாள்.

“நெசமாவா கேக்கறீங்க, அக்கா?”

“ஏன், விக்கிற வீடுதானே இது?”

“வீடு விக்கிற வீடுதான்.” அவன் தலையைச் சொறிந்துகொண்டான். “இருந்தவங்க யாரும் இதுவரைக்கும் வாங்கினதில்ல.”

அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் எண்ணினாள். காரியம் மளமளவென்று நடந்தது. நீலப் பெட்டியில் செருப்பு, கம்பளி, பிரஷ், மரப்பலகை, படம் எல்லாவற்றையும் அவளே அடுக்கி, பூட்டி, சாவிக்கொத்தின் காரில் ஏற்றிவிட்டு வந்தாள். கிடங்கிலிருந்து அவர்களுடைய அட்டைப்பெட்டிகள் வந்தன. அவளுடைய அடி கருகிய வாணலி, அவருடைய லொடலொட நாற்காலி, குட்டியின் ஒற்றைக் காது முயல் எல்லாம் வந்து சேர்ந்தன. மூவரும் முகத்தைக் காட்டிச் சிரிக்கிற ஒரு பழைய படத்தைக் கூடத்தில் மாட்டினாள். சுவருக்கு மஞ்சள் அடித்தார்கள். அன்று சாயங்காலம் வெறும் தரையில் உட்கார்ந்து டீ குடித்தபோது, இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

குட்டி மட்டும் அந்தப் படத்துக்குக் கீழே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். “இதுல முகம் தெரியுதேம்மா. சாவிக்கொத்து மாமா திட்டுவாரே” என்றாள். “இனிமே அவரு வரமாட்டாரு” என்றாள் அம்மா. குட்டி புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள். ஒற்றைக் காது முயலோடு விளையாடவில்லை. நீலப் பெட்டிச் சாமான்களை எப்படி எச்சரிக்கையாகக் கையாள்வாளோ அப்படி, அதை அலமாரியில் பார்வையாக வைத்தாள். சாப்பாடும் இன்னும் சரியாக இறங்கவில்லை. பழக்கம் விட நாளாகும் என்று கணவன் சமாதானம் சொன்னார்.

அந்த வார விடுமுறையில் மணி அடித்தது. மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தார். மேல் வீட்டுக்காரம்மாள் நின்றுகொண்டிருந்தார், தலையில் ஈரத் துண்டோடு. தன் குளியலறைத் தண்ணீர் இவர்கள் வீட்டுக்குள் கசிகிறதா என்று கேட்க வந்தவர். அந்தக் கட்டடத்தில் நிஜமாகவே குடியிருக்கிற இன்னொரு மனுஷி. அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. உள்ளே கூப்பிட்டு, கசிவு இல்லை என்று காட்டி, டீ போட்டுக் கொடுத்தாள். குட்டி தரையில் கவிழ்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தாள்.

“எங்க வீட்டு பால்கனியில காலையில வெயில் நல்லா வரும் ஆன்ட்டி” என்றாள்.

“அடடா, என்ன சமத்து!” என்று மேல் வீட்டுக்காரம்மாள் கன்னத்தைத் தட்டினார். “பார்க்கவே நிறைவா இருக்கும்மா உங்க வீடு. ஆள் இருக்கிற வீடுன்னு பார்த்தாலே தெரியுது.” டீயைக் குடித்துவிட்டு, எதுவானாலும் குரல் கொடுங்கள் என்று சொல்லிப் படியேறிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் குட்டியின் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சுள்ளி மாதிரி இருந்தன.

“குட்டி, இங்க பாரு. அந்த ஆன்ட்டி வீடு பார்க்க வரல. யாரும் பார்க்க வரமாட்டாங்க. இது நம்ம வீடு. நாமளே வாங்கிட்டோம். யாரும் நம்மளை மாத்த முடியாது. நீ எவ்ளோ உயரம் வேணும்னாலும் வளரலாம். தென்னை மரம் மாதிரி வளரு. அம்மா சத்தியமா சொல்றேன், இது நம்ம வீடு.”

சொல்லச் சொல்ல அவளுக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. பல மாதத்து அழுகை, தேம்பித் தேம்பி வந்தது. குட்டி உடனே கழுத்தைக் கட்டிக்கொண்டாள், எப்போதும் போலச் சரியான நேரத்தில். அம்மாவின் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தாள். படிக்கட்டில் காலடிச் சத்தம் எதுவும் இல்லை என்பதைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சின்னக் கையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, காதோரம் மெல்லச் சொன்னாள்.

“அவங்க போயாச்சும்மா. இப்ப நிறுத்திக்கலாம்.”